ஜெபசிங் கையில் இடமில்லை

செவ்வாய்க்கிழமை காலையில எறிஞ்ச பந்து இன்னும் கீழே வரலை. ஆடி மாசம். பாளையங்கோட்டையில ஆடிக் காத்து அப்படித்தான். போன வருசம் எறிஞ்ச ஒரு பந்து தீபாவளிக்குத்தான் வந்துச்சு. யாரும் அதை ஒரு குத்தமா எடுத்துக்கலை.

குற்றாலிங்கத்துக்குத்தான் அவசரம். அவரு ஆட்டக்காரங்களை எடைபோடுற ஆளு. அமெரிக்கன் புட்பால்ல வைடு ரிசீவர்னு ஒருத்தன் உண்டு. ஓரத்துல நின்னு, விசில் அடிச்சதும் தூரமா ஓடி, பின்னால இருந்து எறியுற பந்தைக் கையில வாங்குறவன். பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். ஜில்லா அணிக்கு அப்படி ஒருத்தன் வேணும். இதுவரைக்கும் குற்றாலிங்கம் கூட்டிட்டுப் போனவனெல்லாம் பந்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கிட்டான்.

"இந்தத் தடவையும் சொதப்பினீருன்னா அணியைக் கலைச்சிருவோம். உம்மையும் சேத்துக் கலைச்சிருவோம்"னு அணிச் செயலாளர் வேதநாயகம் சொல்லிட்டாரு. ஆளை எப்படிக் கலைப்பீங்கன்னு குற்றாலிங்கம் கேக்கலை. அவருக்கு முந்தி அந்த வேலையில இருந்தவரைக் கலைச்சப்போ இவரு பக்கத்துலதான் நின்னாரு. கொஞ்ச நேரந்தான் ஆச்சு. செருப்பு மட்டும் மிஞ்சுச்சு.

அதனால செவ்வாய்க்கிழமை ஜெபசிங்கைப் பாத்ததும் அவருக்கு உசிரு வந்துச்சு. சமாதானபுரத்து ஆளு, நல்ல வளத்தி. விசில் அடிச்சதும் ஓடினான் பாருங்க! நேராப் போயி, சட்டுனு உள்பக்கமா வெட்டித் திரும்பி, அவனை மறிக்கக் காவலுக்கு நின்ன ரெண்டு பேரையும் முழிக்க வச்சுட்டு, சொன்ன இடத்துல கையை விரிச்சு நின்னான். ஓட்டம் அருமை. திருப்பம் அருமை. இனி பந்து கையில விழணும். அது ஒண்ணுதான் பாக்கி.

எறிஞ்சவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்தான். அப்புறம் கொழுந்தியா கல்யாணம்னு தென்காசிக்குப் பஸ் ஏறிட்டான். காவல் நின்னவங்க மறுநாள் வேலைக்குப் போயிட்டாங்க. ஜெபசிங் மட்டும் கையை விரிச்சபடி நின்னான். குற்றாலிங்கம் மைதானத்து ஓரக் கோட்டுக்கு வெளியில ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. எடைபோடுறவன் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா அவன் மைதானம் ஆயிருவான். மைதானம் சாட்சி சொல்ல முடியாது.

முதல்ல வந்தது எஸ்தர் டீச்சர். பஸ் ஸ்டாண்டுக்குப் போறவங்க மைதானத்துக்குக் குறுக்கேதான் போவாங்க. விரிச்ச கையைப் பாத்ததும் டிபன் காரியரை அதுல வச்சாங்க.

"தம்பி, கொஞ்சம் புடிச்சுக்கோ. இந்தா வந்திருதேன்."

"சரிக்கா."

இது நம்ம ஊர்ல புதுசா? பஸ்ஸுல உக்காந்திருக்கவன் மடியில நிக்கிறவன் பையை வைப்பான், பிள்ளையை வைப்பான். ஒரு வார்த்தை கேக்கமாட்டான். வாங்கமாட்டேன்னு சொன்னா மொத்த பஸ்ஸும் முறைக்கும். அதனால குற்றாலிங்கம் முதல்ல சந்தோசந்தான் பட்டாரு. காரியர்ல சாம்பார். மூடி சரியில்லை. காத்து அந்த அடி அடிக்கு. ஒரு சொட்டு சிந்தலையே! வேதநாயகத்துக்கு உடனே போன் போட்டாரு.

"பையன் பலம் என்ன?"

"கையில வந்தது எதுவும் கீழ விழாது, சார்."

"பலவீனம்?"

"இன்னும் தெரியலை."

"பலவீனம் இல்லாம எப்படிவே எடுக்கது? பந்து எங்க?"

"நெல்லையப்பர் கோயில் பக்கமாப் போயிருக்கு, சார்."

"சரி, தரிசனம் முடிச்சுட்டு வரட்டும்"னு அவரு வச்சுட்டாரு.

அடுத்தாப்ல ஒரு அம்மா வந்து தூங்குற பிள்ளையைக் குடுத்துட்டுப் போச்சு. அப்புறம் பொன்னையா வந்தாரு. ரேஷன் கடை வரிசையில தன்னோட இடத்தைக் கையில கொண்டுவந்திருந்தாரு. ஒரு முழ நீளம், கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. "கசக்கிராத, நான் ஒண்ணுக்குப் போயிட்டு வந்திருதேன்"னு ஜெபசிங் விரலுக்கு நடுவுல சொருகினாரு. அவருக்குப் பின்னால ஒரு புருசன் பொண்டாட்டி. பாதிச் சண்டையில வந்தாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

"தம்பி, இந்தச் சண்டையைக் கொஞ்சம் வச்சிரு. ஆற விட்டிராத."

"முடிச்சிரவும் செய்யாத. நான் இன்னும் பேசவே இல்ல"ன்னுச்சு பொண்டாட்டி.

"சரிக்கா"ன்னு முழங்கை மடிப்புல வாங்கிக்கிட்டான். சண்டை சூடா இருந்துருக்கும் போல. அவனுக்கு அந்தப் பக்கத்துக் கன்னம் சிவந்துபோச்சு.

ஒருத்தரும் திரும்பி வரலை. குற்றாலிங்கத்துக்கு இப்பதான் விசயம் உறைச்சுது. ஐயோ, பந்து வந்தா எதுல வாங்குவான்? நாற்காலியைத் தூக்கிட்டுக் கோட்டோரமாவே நடந்தாரு, அவன் பக்கமாப் போயிரலாம்னு. நடக்க நடக்க மைதானம் நீண்டுச்சு. நின்னா அதுவும் நின்னுச்சு. கடைசியில அங்கிருந்தே கத்தினாரு.

"ஏல ஜெபசிங்! எல்லாத்தையும் கீழ வையில!"

"பிள்ள தூங்குது, அண்ணாச்சி."

"காரியரையாவது வையிலே!"

"டீச்சர் இந்தா வந்திருதேன்னாவ."

"அவ புதன்கிழமை சொன்னா! இன்னிக்குச் சனி!"

"சொன்னாவள்லா?"

குற்றாலிங்கம் தலையில தலையில அடிச்சுக்கிட்டாரு. அவருக்கு அழுகை அழுகையா வந்துச்சு. இப்படி ஒரு கை இந்த ஜில்லாவுல கெடையாது. அந்தக் கையில ஊரே சாமானை ஏத்திட்டுப் போயிருக்கு. பாவிப்பய ஒருத்தன்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். அவரே ஒரு தடவை போய்வர்றவங்களை மறிச்சுப் பாத்தாரு. "உமக்கு என்னவே? தம்பி சும்மாதானே நிக்கான்"னு ஒருத்தன் அவரைத் தள்ளிட்டுப் போயி, ஓடிக்கிட்டிருந்த கிரைண்டரை ஜெபசிங் தோள்ல வச்சான்.

அப்பதான் பந்து தெரிஞ்சுது.

கடுகளவு. அப்புறம் கொத்தமல்லி அளவு. நேரா ஜெபசிங் தலைக்கு மேலே. அவசரமே இல்லாம வந்துச்சு, பென்சன் வாங்கினவரு படியிறங்குற மாதிரி. ஜெபசிங் அண்ணாந்து பாத்தான். அப்புறம் தன் கையைப் பாத்தான். அவன் மூஞ்சி கோணிப்போச்சு.

"அண்ணாச்சி, எனக்கு அதை வாங்கணும்"னான். கேட்டியளா, அவன் வாயில இருந்து வேணும்னு ஒண்ணு வந்தது அதான் முதத் தடவை.

குற்றாலிங்கம் யோசிக்கலை. கோட்டைத் தாண்டினாரு. இப்ப மைதானம் சுருங்கி ஆறே எட்டுல அவன் முன்னால கொண்டுபோய் விட்டுச்சு. "என்கிட்ட தாலே!"ன்னு ரெண்டு கையையும் நீட்டினாரு.

ஜெபசிங் ஒண்ணொண்ணாக் குடுத்தான். அந்த அவசரத்துலயும் ஒவ்வொண்ணுக்கும் பக்குவம் சொன்னான். பிள்ளைக்குத் தலையைத் தாங்கணும். காரியரைச் சாய்க்கக் கூடாது. வரிசையில பொன்னையாவுக்கு முன்னால இப்ப ரெண்டே பேர்தான். கிரைண்டருக்கு அப்பப்பத் தண்ணி தெளிக்கணும். சண்டையை வாங்கினதும் குற்றாலிங்கம் வாய் தானாத் திறந்துச்சு.

"உங்க அம்மா அன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?"

"ஆமா அண்ணாச்சி, சண்டை அங்கதான் நின்னுச்சு"ன்னுட்டு ஜெபசிங் கையை விரிச்சான்.

பந்து விழுந்துச்சு. சத்தமே இல்ல. பத்து விரலும் ஒண்ணாப் போயி அதை எடுத்து நெஞ்சோட வச்சுக்கிச்சு. அடேயப்பா! குற்றாலிங்கம் முப்பது வருசமா அதைப் பாக்கத்தான் வெயில்ல உக்காந்திருந்தாரு. அப்புறம் ஜெபசிங் ஓடினான். கையில வேற ஒண்ணும் இல்ல. கடைசிக் கோட்டைத் தாண்டினான். சுவரைத் தாண்டினான். திருச்செந்தூர் ரோட்டுல ஒரு புள்ளியாப் போயி மறைஞ்சான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை. கைதட்டணும்போல இருந்துச்சு குற்றாலிங்கத்துக்கு. முடியலை. மூக்குல வழிஞ்ச கண்ணீரைத் துடைக்கவும் முடியலை.

கொஞ்ச நேரத்துல வேதநாயகமே வந்தாரு. கையில குடை.

"பையன் எங்கவே?"

"ஓடிட்டான், சார். பந்தை வாங்கிட்டான். என்னமா வாங்கினான் தெரியுமா!"

"யாரு பாத்தது?"

"நான்தான், சார்."

வேதநாயகம் குனிஞ்சு கோட்டைப் பாத்தாரு. குற்றாலிங்கம் காலைப் பாத்தாரு. "நீரு உள்ள நிக்கீரு"ன்னாரு.

"சார், என் ரெண்டு கண்ணால..."

"மைதானத்துக்கு ஏதுவே கண்ணு? சரி, கடைசியா ஒண்ணு கேக்கேன். அவன் பலவீனம் என்ன?"

"முடியாதுன்னு சொல்லத் தெரியாது, சார்."

"இப்பவும் அப்படித்தானா?"

"இப்ப இல்ல. எல்லாம் என்கிட்ட இருக்கு."

வேதநாயகம் பெருமூச்சு விட்டாரு. அவருக்கும் சங்கடந்தான். அணியைக் கலைச்சாச்சுன்னு சொன்னாரு. காலையிலயே முடிஞ்சுதாம். இனி குற்றாலிங்கம் மட்டுந்தான் பாக்கி. அவரைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. பிள்ளை கொட்டாவி விட்டுச்சு. கிரைண்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு.

"அடுத்தவன் சாமானோட சேத்துக் கலைக்க முடியாதே. எப்ப வாராங்களாம்?"

"இந்தா வந்திருதேன்னு சொன்னாங்க, சார்."

"சரி, அப்ப நான் ஒரு டீயைக் குடிச்சுட்டு வாரேன். வந்ததும் கலைச்சிருவோம்." திரும்பினவரு நின்னாரு. குடையைப் பாத்தாரு. குற்றாலிங்கத்தைப் பாத்தாரு. "ஓய், அந்தச் சுண்டுவிரல் சும்மாத்தானே இருக்கு? இதைக் கொஞ்சம் புடியும். இந்தா வந்திருதேன்."

குற்றாலிங்கம் விரலை நீட்டினாரு. குடை நல்ல கனம். அவரு கீழே போடலை.