நாற்பத்துநாலுக்கு இருபத்திரண்டு

மூன்றாவது புதன்கிழமையும் ஜோசபின் நெல்லிமரத்தூரை எட்டியபோது ஊர் காலியாகத்தான் கிடந்தது. கேரியரில் கட்டியிருந்த தடுப்பூசிப் பெட்டியை அவிழ்க்கக்கூட மனம் வராமல், சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள். வெள்ளைச் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தில் மணி ஒன்பதரை.

முற்றத்தில் கேழ்வரகைக் காயப் பரப்பிக்கொண்டிருந்த மாதையன் நிமிர்ந்து பார்த்தார். ஊர்க் காரியங்களை முன்னின்று பார்ப்பவர் அவர்.

"இப்பத்தான் நர்சம்மா போனாங்க. ஒம்போது வரைக்கும் புள்ளைங்கள வச்சிக்கினு பார்த்துட்டு, புளி அடிக்கப் போய்ட்டாங்க. இனிமே பொழுது சாஞ்சிதான் வருவாங்க."

"கொஞ்சம் நிக்கச் சொல்லக் கூடாதாங்க?"

"எங்க நிக்கிறது? குத்தகைக்காரன் லாரி வந்து நிக்குதே."

குழந்தைகளையும் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். புளியமரத்தடியில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, நாலு மலைச்சரிவுக்கு அப்பால் கலைந்து போயிருப்பார்கள். தேடிப் பிடிப்பதற்குள் பெட்டியில் இருக்கும் ஐஸ் தண்ணீராகிவிடும்.

அவள் கிளம்பும் ஆலங்காயம் சுகாதார நிலையத்தில் மருந்துக் குளிர்பெட்டியை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். மலைக்குப் போகும் முதல் பஸ் பத்தரைக்கு. அதனால்தான் சைக்கிள். அடிவாரம் வரை ஒன்பது கிலோமீட்டர் சமதளம். அப்புறம் ஐந்து கிலோமீட்டர் மலைப்பாதை. மேலே ஏறிவிட்டால் ஆறு கிலோமீட்டர் மேடும் பள்ளமும். அந்த நடு ஐந்து கிலோமீட்டர்தான் அவளைக் கொன்றது. பெடலை மிதித்தால் சைக்கிள் நகராமல் அவள்தான் மேலே எழும்பினாள். கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டே போவாள்.

அன்று இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்கத் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேராகப் பாண்டுரங்கனின் சைக்கிள் கடையில் போய் நிறுத்தினாள்.

"அண்ணா, இந்த வண்டி மலை ஏறணும்."

பாண்டுரங்கன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வாய் ஓயாதவன், ஆனால் கையும் ஓயாது.

"இது லேடீஸ் வண்டிம்மா. மலை ஏற்றதுன்னா கழுதை வாங்கு."

"விளையாட்டு இல்லண்ணா. ஒம்போது மணிக்குள்ள நான் நெல்லிமரத்தூர்ல இருக்கணும். ரெண்டு மணி நேரம்தான் டைம்."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவன் டியூபைக் கீழே வைத்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் செயின் மூடியைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கில் விரலை வைத்துப் பற்களை எண்ணினான். பெடல் இருக்கும் முன் பல்சக்கரத்தில் நாற்பத்தெட்டு. பின்னால் பிரீவீலில் பதினெட்டு.

"நீ ஒரு சுத்து மிதிச்சா பின்சக்கரம் ரெண்டே முக்காலுக்குக் கிட்டச் சுத்தும். தரையில பறக்கும். ஏத்தத்துல அந்த ரெண்டே முக்காலையும் உன் காலே தூக்கணும், புரியுதா? முன்னால பல்லக் கொறச்சி பின்னால கூட்டினா லேசா ஏறும். ஆனா காலு தையல் மிஷினாட்டம் சுத்திக்கினே இருக்கும். உன்னால ஆவாது."

"எங்கம்மா கண்ணமங்கலத்துல தையல் மிஷின் மிதிச்சித்தாண்ணா என்னை நர்சுக்குப் படிக்க வச்சாங்க. மாத்துங்க."

பாண்டுரங்கன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. சிறுவர்களுக்கு வாடகைக்கு விடும் அரை சைக்கிள் ஒன்றிலிருந்து முப்பத்தாறு பல் சக்கரத்தைக் கழற்றினான். இருபத்திரண்டு பல் பிரீவீலைச் சாக்குமூட்டைக்குள் தேடி எடுத்தான். செயினில் நாலு கண்ணி குறைந்தது. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கோட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டு, "இது பனைமரமே ஏறும் பாரு" என்றான்.

அடுத்த புதன்கிழமை ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியோடு ஜோசபின் கிளம்பினாள், தேர்வு எழுதப் போகிறவளைப்போல. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தாள். கால்கள் விர்ரென்று சுற்றின. சைக்கிள் என்னவோ சாவகாசமாகத்தான் போனது. பால்காரர்கள் தாண்டிப் போனார்கள். குடம் வைத்த கேரியரோடு ஒரு கிழவர்கூடத் தாண்டிப் போனார். அடிவாரத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு நிமிடம். பழைய பற்களோடு முப்பத்துநாலில் வந்த தூரம்.

ஆனால் ஏற்றம் தொடங்கியதும் நிலைமை மாறியது. சைக்கிள் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, ஆனால் சைக்கிள் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு போனது. மூங்கில் புதர் போனது. தள்ளிக்கொண்டு போகையில் எப்போதும் உட்கார்ந்து இளைப்பாறும் பாறை, அவள் உட்காராமலே பின்னால் போனது. யாரும் கேட்காத இடம் என்ற தைரியத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆறாவது வளைவில் பாதை சுவர்போல நிமிர்ந்தது. விறகுச் சுமையோடு ஒரு பெண் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். ஜோசபின் அவளை எட்டிப் பிடித்தாள். தாண்ட முடியவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். சைக்கிள் சக்கரம் வலமும் இடமுமாக ஆடியது.

"இன்னா நர்சம்மா, இப்படி மூச்சு வாங்குது," என்றாள் அந்தப் பெண். பெயர் வடிவு என்று அப்புறம் தெரிந்தது. "எறங்கி நடக்கலாம்ல. நானே சொமையோட உன் கூடவே வர்றேனே."

பதில் சொல்ல மூச்சில்லை. வடிவு அவளோடு ஊர்க் கதை பேசிக்கொண்டே வளைவு முடியும்வரை வந்து, அலுங்காமல் ஒற்றையடிப் பாதையில் பிரிந்து போனாள்.

நெல்லிமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். லாரி கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

"பனைமரம் ஏறிச்சா இல்லியா?" என்று கேட்டான் பாண்டுரங்கன்.

"ஏறிச்சு. ஆனா நேரத்துக்கு ஊருக்குப் போவல."

ஜோசபின் நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு வாரமும் அடிவாரம், மலை உச்சி, ஊர் என்று மூன்று இடத்திலும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். மலையில் இருபத்தேழு நிமிடம் மிச்சம். சமதளத்தில் பதினாலு நிமிடம் நஷ்டம். மேடு பள்ளத்தில் பெரிய லாபம் எதுவும் இல்லை, இறக்கத்துக்கு முன்னால் வேகம் பிடிக்கவே முடியவில்லை.

"அப்போ முன்னால நாப்பத்துநாலு போடலாம்," என்றான் அவன். "பின்னால அதே இருபத்திரண்டு. ஒரு மிதிக்குச் சரியா ரெண்டு சுத்து. ஆனா அந்த ஆறாவது வளைவும் எட்டாவது வளைவும் கீதே, அங்க உன்னால மிதிக்க முடியாது. எறங்கித்தான் ஆவணும். என் கையால பூட்டின வண்டிய வுட்டு நீ வழியில எறங்கினா எனக்குத்தான் அசிங்கம்."

"எறங்குனா இன்னாண்ணா?"

அவன் புரியாமல் பார்த்தான்.

"அந்த வளைவுல ஒரு பொம்பள விறகு சொமந்துக்கினு என் கூடவே வந்தாங்க. அங்க நான் மிதிச்சாலும் நடந்தாலும் ஒரே வேகந்தான். அப்புறம் எதுக்கு அந்த ரெண்டு வளைவுக்காகப் இருபது கிலோமீட்டர் பூரா காலை வீணாச் சுத்தணும்? அங்க மட்டும் எறங்கி ஓட்டமா தள்ளிக்கினு போறேன். மிச்சத்துக்கு நாப்பத்துநாலு போதும்."

பாண்டுரங்கன் எழுந்து கடைக்குப் பின்னால் போய், துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்றை இழுத்து வந்தான். அதன் முன் பல்சக்கரத்தின் பற்களை இருவருமே எண்ணினார்கள். நாற்பத்துநாலு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து மாட்டினான். கழற்றிய நாலு கண்ணியைத் திரும்பச் சேர்த்ததும் பழைய செயினே அளவாக உட்கார்ந்தது. முன்னால் நாலு பல் குறைந்து பின்னால் நாலு பல் கூடியதில் கணக்கு சமன்.

"பாரும்மா, அளவெடுத்துத் தச்சாப்ல," என்று பெடலைக் கையால் சுற்றிவிட்டான். சக்கரம் கிர்ரென்று ஓடியது.

புதன்கிழமை மணி ஏழு. ஜோசபின் கிளம்பினாள்.

இந்த முறை பால்காரர்களோடு சேர்ந்தே போனாள், ஒருவரைத் தாண்டியும் போனாள். அடிவாரத்தில் முப்பத்தைந்து நிமிடம். நோட்டை எடுக்கவில்லை, மனதிலேயே குறித்துக்கொண்டு ஏற்றத்தில் திருப்பினாள். மிதி கனமாகத்தான் இருந்தது. சீட்டை விட்டு எழுந்து, உடம்புப் பாரத்தை ஒவ்வொரு காலிலும் மாற்றி மாற்றி இறக்கினாள். ஆறாவது வளைவு கண்ணில் பட்டதும், அது தன்னை இறக்கிவிடுவதற்கு முன்பே தானாகக் குதித்து இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அரை ஓட்டமாகத் தள்ளினாள். காலுக்கு வேறு வேலை கிடைத்ததில் தொடை எரிச்சல்கூடத் தணிந்தது. வளைவு முடிந்ததும் ஏறி உட்கார்ந்தாள். எட்டாவது வளைவிலும் அப்படியே. உச்சியில் பார்த்தபோது ஏற்றத்துக்கு ஐம்பத்தோரு நிமிடம் ஆகியிருந்தது. நிற்காமல் மிதித்துப் போன வாரத்தைவிட இரண்டு நிமிடம் குறைவு.

அதன் பிறகு ஆறு கிலோமீட்டர் அவள் சைக்கிள் ஓட்டவில்லை, பறந்தாள். இறக்கத்தில் வேகம் எடுத்து அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டின் பாதிவரை போனாள். சாமைத் தாள் அடுக்கியிருந்த வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. பெட்டி கேரியரில் தடதடத்தது. மாதாவே, கயிறு அறுந்துவிடக் கூடாது என்று ஒரே ஒரு முறை வேண்டிக்கொண்டாள்.

ஊர் வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் கூடையும் குழந்தையுமாக ஏறுவதற்குத் தயாராக நின்றார்கள். ஜோசபின் மணியை விடாமல் அடித்தாள். மாதையன் ஓடிவந்து லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"நிறுத்துப்பா. நர்சம்மா வந்துட்டாங்க. மணி இன்னும் ஒம்போது ஆவல."

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கூடைகள் இறங்கின. முதலில் வந்தது சாந்தம்மாளின் பெண்குழந்தை. ஊசி போட்டதும் அது எழுப்பிய அலறலில் வரிசையில் இருந்த மற்ற எல்லாமே சேர்ந்து அழுதன. தாய்மார்கள் சிரித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் இருபத்துமூன்று குழந்தைகள். லாரிக்காரன் முனகிக்கொண்டே இருந்தாலும் காத்திருந்தான்.

லாரி போனதும் மாதையன் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தார். ஜோசபின் குடித்துக்கொண்டிருக்கும்போது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் என்று பெயர் சொன்னாள். பக்கத்துக் கொல்லிமேட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவள், தன் குழந்தைக்கும் இப்போது ஊசி போட்டுக்கொண்டவள்.

"எங்க ஊர்ல பதினோரு புள்ளைங்க கீதுங்க. அங்க யாருமே வந்ததில்லீங்க."

"எவ்ளோ தூரம்?"

"மூணு கிலோமீட்டர் இருக்கும். பாதி எறக்கம், பாதி ஏத்தம்."

ஜோசபின் பெட்டியின் மூடியை மெல்லத் திறந்து பார்த்தாள். ஐஸ் இன்னும் கட்டியாகவே இருந்தது. அதற்கு நடுவில் திறக்காத குப்பிகள் நாலு, பதினோரு குழந்தைகளுக்குத் தாராளமாகப் போதும். கடிகாரத்தில் பத்துகூட ஆகவில்லை.

"இன்னிக்கு ஊர்ல இருப்பாங்களா?"

"இருப்பாங்க. எங்க பக்கம் புளி அடிக்க இன்னும் ஒரு வாரம் ஆவும்."

மிச்ச மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஜோசபின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஏத்தம் செங்குத்தா, இல்லை நீளமா என்று கெங்கம்மாளைக் கேட்டுக்கொண்டே சைக்கிளைப் பாதைக்கு இறக்கினாள்.