பூனைக்காலியும் மூன்றடுக்குக் கேக்கும்

என் வலது கைக்கு என்மேல் மரியாதை போய்ச் சில வருஷம் ஆகிறது. சும்மா இரு என்றால் ஆடும். வேலை செய் என்றால் முரண்டு பிடிக்கும். நரம்பு டாக்டரம்மா இதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். மூளையில் ஏதோ ஒரு சரக்கு குறைகிறதாம். மாத்திரையால் ஈடு கட்டலாமாம், ஆனால் முழுசாகத் தீராதாம். தீராது என்றால் போகட்டும், நானும் நோயும் ஆனதைப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நான் பேக்கரியில் கேக்குக்கு ஐசிங் போடுகிறவள். கை நடுங்கினால் ரோஜா முட்டைக்கோஸ் ஆகிவிடும்.

ஆனாலும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன். காலை மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் ஒரு இரண்டு மணி நேரம் கை சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்குள் ரோஜா, எழுத்து, ஓரத்துப் பின்னல் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். மிச்ச நேரம் மாவு சலிப்பது, தட்டு கழுவுவது என்று ஒப்பேற்றுவேன். முதலாளியம்மாவுக்கு நோய் தெரியும், இந்த நேர விவகாரம் தெரியாது. என்னைவிடச் சின்னவள், அப்பாவுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்துகிறாள். மத்தியானத்தில் அவசரக் கேக் என்று வந்து நின்றால், "இப்ப முடியாது, போ" என்று அவள்மேல் எரிந்து விழுவேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்ளட்டும், பாவம் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

இரண்டு மூன்று கேக் கோணிப்போன பிறகு, ஒருநாள் அவளே தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, சனிக்கிழமை மூணடுக்குக் கல்யாணக் கேக் ஒண்ணு இருக்கு. அதுவும் சரியா வரலைன்னா உங்களைக் கல்லாவுல உட்கார வச்சிடலாம்னு பார்க்கிறேன். கோச்சுக்காதீங்க."

கோபிக்காமல்? அந்த ஐசிங் மேசையை விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

இதைப் போய் வீட்டில் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வினை. வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி, எங்களோடுதான் இருக்கிறார். போனைத் திறந்தால் இயற்கை வைத்திய வீடியோ, மூடினால் அதைப் பற்றிய பேச்சு. அவர் சொன்னார் என்று ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடந்தேன், சளி பிடித்தது. தலையில் களிமண் அப்பினேன், குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. பச்சையாக ஏதோ சாறு குடித்தேன், அதன் பலனை இங்கே எழுத முடியாது. அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே இந்த வீட்டுல இயற்கைன்னு யாராவது வாயைத் திறந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்," என்றார் அண்ணி.

"உங்க நல்லது குழாய்ல அடைச்சுக்கிட்டு நிக்குது அண்ணி, போய்ப் பாருங்க."

வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்தச் சண்டையிலும் மேலும் போகாமல் கீழும் வராமல் நடுவில் நிற்பார். அன்றும் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? சனிக்கிழமை நெருங்க நெருங்கக் குலை நடுங்கி, மூலிகைக் கடையில் போய் நின்றேன். கை நடுக்கத்துக்கு நல்லதென்று கடைக்காரர் பூனைக்காலி விதைத்தூள் ஒரு டப்பா கொடுத்தார். அத்தனை கத்து கத்திவிட்டு நானே வாங்கினேன் என்று தெரிந்தால் மானம் போய்விடும். புடவை அலமாரியில் ஒளித்துவைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மாத்திரையைப் போட்டு, திருட்டுத்தனமாகத் தூளும் ஒரு ஸ்பூன் விழுங்கினேன். அண்ணி என்றைக்கும் இல்லாத அன்போடு ஆப்பிள் ஜூஸ் நீட்டினார். அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்றே தெரியாத வீட்டுக்காரர் காபி போட்டுக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் கையைச் சொறிந்தார், கழுத்தைச் சொறிந்தார், முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

"கொசு."

"கொசுவா, கரடியா?"

காபியை வைத்துவிட்டு நழுவிவிட்டார். எனக்கும் விசாரிக்க நேரமில்லை, ஜூஸையும் காபியையும் மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கடையில் முதல் அடுக்கைத் தொட்டேன். கை அப்படியே நின்றது! பொடிப் பொடியாக மல்லிகை மொட்டு, ஒன்றுகூடப் பிசகவில்லை. இரண்டாம் அடுக்கில் தோள் ஒரு குலுக்குக் குலுக்கியது. மூன்றாம் அடுக்குக்குப் போனபோது கை தானாக ஒரு வட்டம் போட்டது. கழுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. யாரும் கூப்பிடாத இடது காலும் வந்து சேர்ந்துகொண்டது. க்ரீம் பை பீச்சியடித்து, முதலாளியம்மாவின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

"அக்கா, என்னக்கா ஆடுறீங்க?"

"நான் எங்கடி ஆடுறேன்? அது என்னை ஆட்டுது!"

கேக்கைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா, இதுவும் கடையின் உபசாரம் என்று நினைத்துத் தாளம் தட்டினார். அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்.

முதலாளியம்மா என்னைக் காரில் அள்ளிப்போட்டு டாக்டரம்மாவிடம் விட்டுவிட்டு, கேக்கைக் காப்பாற்ற ஓடினாள். வீட்டுக்காரரும் அண்ணியும் பதறி வந்து சேர்ந்தார்கள். நான் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன்.

"மாத்திரை அதிகமாப் போட்டுட்டீங்களா?"

"இல்லை டாக்டர்."

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை!" என்றோம் மூன்று பேரும், ஒரே குரலில்.

டாக்டரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மேசைமேல் இருந்த ஸ்கேலை எடுத்து முதுகுக்குள் விட்டிருந்தார்.

"நீங்க ஏன் சார் சொறியறீங்க?"

"கொசு."

"பூனைக்காலிக் காயைத் தொட்டீங்களா?"

ஸ்கேல் கீழே விழுந்தது.

"கடைத்தூள்ல கலப்படம் இருக்கும்னு, ரயில் பாதையோரப் புதர்ல நானே பறிச்சேன் டாக்டர். அந்தக் காய்மேல இருக்கிற சுணை இப்படி அரிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? விதையை வறுத்து அரைச்சு இவ காபில ஒரு ஸ்பூன்..."

"அடப்பாவி, நீயுமா?" என்று துள்ளினார் அண்ணி. "நானும் அதே தூளை ஒரு ஸ்பூன் ஜூஸ்ல கலந்தேனேடா!"

நானாவது நிரபராதியாக இருக்கக் கூடாதா என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? நானும் ஒரு ஸ்பூன்தான்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக் கண்டித்தார். "மூலிகை பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். உங்க மாத்திரையில இருக்கிற அதே சரக்கு அந்த விதையிலயும் இருக்கு. நிஜமா வேலை செய்யுது, அதான் ஆபத்து. மாத்திரைக்கு மேல மூணு ஸ்பூன் போட்டா உடம்பு ஆடாம என்ன செய்யும்? எது வேணும்னாலும் முதல்ல என்கிட்ட கேளுங்க. திருட்டு வைத்தியம் வேணாம்."

ஆட்டம் அடங்கும்வரை படுக்கவைத்தார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொன்னா நீ கத்துவேன்னு பயமா இருந்துச்சு," என்றார். "அந்த மேசை போயிட்டா நீ என்ன ஆவேன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு."

"சொறியாதீங்க, ரத்தம் வருது," என்று அதட்டி, நர்ஸ் கொடுத்த களிம்பை அவர் முதுகில் தடவினேன். பழைய நடுக்கம் திரும்பியிருந்தது. நடுங்கும் கைக்குக் களிம்பு நன்றாகவே பரவுகிறது.

சாயங்காலம் முதலாளியம்மா வீட்டுக்கு வந்தாள். மேலடுக்கை வழித்துவிட்டு வெறும் வெள்ளையாகப் பூசிக் கொடுத்தனுப்பினாளாம். மாமா குறை ஒன்றும் சொல்லவில்லையாம். நான் முந்திக்கொண்டேன்.

"கல்லாதானே? திங்கட்கிழமை வந்து உட்கார்றேன், போ."

"அந்த முதல் அடுக்கைப் பார்த்தேங்க்கா. அப்படிப் போடுற கை, சில நாள் ஏன் ஒரேயடியா மாட்டேங்குதுன்னுதான் எனக்குப் புரியலை."

சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேர விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதைச் சொல்லாம மத்தியானமெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தீங்களா? அந்த நேரத்துக்குத் தகுந்த மாதிரி ஆர்டர் எடுத்திருப்பேனே!"

"ரெண்டு மணி நேரம் ஒரு மணி நேரமா குறையும்டி. இது குறைஞ்சுகிட்டே போற வியாதி."

"அப்ப சின்னக் கேக்கா எடுக்கிறேன்."

"அரை மணி ஆனா?"

"கப் கேக்."

"அதுவும் போச்சுன்னா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த மேசையில உட்கார்ந்து எங்க எல்லாரையும் திட்டுங்கக்கா. அதுக்குக் கை வேணாமே."