நாற்பத்திரண்டாம் கல்

நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவளும் பக்கத்து வீட்டு வெல்டரும் மேடேறினார்கள். நாற்காலியில், நெஞ்சை அழுத்திப் பிடித்தபடி அப்பா. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"பாப்பா பக்கம் சாயாமத் தூக்குப்பா" என்றார் வெல்டரிடம். உயிர் போகிற வலியிலும் மகளுக்குப் பாரம் ஏறிவிடக் கூடாது. பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு.

மேட்டுக்கு மேலே எட்டு வழிச் சாலை. பழைய சாலையை ஆளுயரத்துக்கு உயர்த்தி, அகலமாக்கிப் போட்டது. அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், கல்லூரி, பத்து மாடி மருத்துவமனை. இந்தப் பக்கம் இவர்களுடைய முந்நூறு வீடுகள். மருத்துவமனை ஜன்னல்களை இங்கிருந்தே எண்ணிவிடலாம். போய்ச் சேரத்தான் வழி கிடையாது. நடுவில் மார்பளவுச் சுவர், சுவருக்கு மேல் கம்பிவேலி. ஏறி இறங்க நாலு படியாவது கட்டிக் கொடுங்கள், பஸ் நிற்க ஒரு இடம் கொடுங்கள் என்று மனு எழுதி எழுதி ஜனங்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

மேடேறுவதற்கு முன், வீட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்கு அவள்தான் பேசியிருந்தாள். அவளுடையது பட்டன் போன். எதிர்முனையில் பேசிய பெண் நல்ல மாதிரி, பொறுமையாகத்தான் கேட்டாள்.

"மேப்ல உங்க ஏரியா பேரே வரலைங்க. ரோட்டோரம் கிலோமீட்டர் கல் ஏதாவது இருக்கா? அந்த நம்பரைச் சொன்னாப் போதும்."

அவளுக்குத் தெரியாத நம்பரா? ஆனாலும் பதற்றத்தில் நாக்கு எழவில்லை. "அப்பா, நம்ம கல்லு எத்தனை?"

"நாப்பத்திரெண்டு" என்றார் அப்பா, படுத்தபடியே. அந்த நேரத்திலும் குரலில் ஒரு கெத்து.

கெத்து இருக்காதா பின்னே? முப்பத்தொரு வருஷம் சாலைப் பணியாளராக இருந்தவர். கிலோமீட்டர் கற்களுக்கு மஞ்சளும் வெள்ளையும் அடித்து, கறுப்பில் எண் எழுதியவர். தெருவில் அவருக்குக் கல்லுக்காரர் என்றே பெயர். புதுச் சாலைக்காக மண் கொட்டியபோது அடியில் புதைந்துபோன நாற்பத்திரண்டை, தோண்டி எடுத்து மேட்டின் மேல் தன் கையாலேயே நட்டார். ஓய்வு பெற்ற பிறகும் வருஷம் தவறாமல் அதற்குப் பெயிண்ட் அடித்தார். "சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு ஐயா கெளம்பிட்டாரு" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். பண்ணிக்கொண்டே, காய்ந்துபோன பிரஷ்ஷை ஊறவைத்தும் கொடுப்பாள்.

அப்பா எண்ணைச் சொன்னபோது அம்மா வீட்டில் இல்லை. முட்டிவலியோடு விந்தி விந்தி வெல்டரைக் கூப்பிட ஓடியிருந்தாள். இப்போதும் மேடேற முடியாமல் கீழேயே நின்றுவிட்டாள்.

கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலியை இறக்கினார்கள். வண்டிகள் காதடைக்கப் பறந்தன. வெல்டர் இரண்டு கையையும் ஆட்டிப் பார்த்தார். ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

"அம்மா, நாப்பத்திரெண்டாவது கிலோமீட்டர்ல வந்து நிக்கிறேன். எங்க இருக்கீங்க?"

"நாங்களும் கல்லுக்கிட்டதாண்ணே நிக்கிறோம். கையக் காட்டிக்கிட்டே நிக்கிறோம்!"

"இங்க ஈ காக்கா இல்லீங்களே."

"அண்ணே, வெளையாடாதீங்கண்ணே. அப்பாவுக்கு ரொம்ப முடியலை."

"என்னவாம்?" என்று கேட்டார் அப்பா.

"இங்க ஆளே இல்லைங்கிறாருப்பா."

"கல்லு படிக்கத் தெரியாதவனையெல்லாம் வண்டியில ஏத்தி விட்டா..."

சிரிக்கப் பார்த்தார். பாதியில் அவர் தலை அவள் வயிற்றின் மேல் சாய்ந்தது. கனமாகச் சாய்ந்தது. "அப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "அப்பா." வெல்டர் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். வைத்த விரலை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

வழியெல்லாம் விசாரித்து விசாரித்து வண்டி வந்து சேர்ந்தபோது இன்னும் அரைமணி போயிருந்தது. டிரைவர் குதித்து ஓடி வந்து, பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்.

"ஆறே நிமிஷத்துல வந்துட்டேன்மா. சத்தியமா ஆறே நிமிஷம்." அவர் கண் கல்லின் மேல் போனது. "இது பழைய கணக்காச்சே. இப்ப ரோட்டைப் புது ஏர்போர்ட்ல இருந்து அளக்குறாங்க. இந்த எடம் முப்பத்தொண்ணு. பழைய கல்லையெல்லாம் எப்பவோ தூக்கிட்டாங்களே, இது மட்டும் நேத்து நட்ட மாதிரி... யாரு பெயிண்ட் அடிச்சது?"

புதுக் கணக்கின் பச்சைப் பலகைகள் எல்லாம் சாலையின் அந்தப் பக்கம்தான் நின்றன. இந்தப் பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலும். அவளுக்கு அந்தக் கல்லை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. அதில் இருந்தது அப்பாவின் எழுத்து. அதனால் முடியவில்லை.

"உங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார் வெல்டர்.

"நான் பேசிக்கிறேண்ணே. நீங்க வாயத் தொறக்காதீங்க."

மத்தியானம், வாளியில் வெந்நீர் வைத்துக்கொண்டு அம்மா அப்பாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"பத்து நிமிஷத்துல வந்துருவோம்னு பெருசா போர்டு போட்டிருக்கான். ஏன்டி அவ்வளவு நேரம்?"

"நம்பர் தப்பாப் போயிடுச்சும்மா."

அம்மாவின் கை நின்றது. "யாரு சொன்னா?"

வாசலில் நின்ற வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான்."

அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை.

"அவருக்கு நெனவு இருந்துச்சுல்ல?" என்றாள் அம்மா. "ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாமேடி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரியாச் சொல்லுவாரே உங்கப்பா."

"கேக்கத் தோணலைம்மா."

அம்மா துணியைப் பிழிந்தாள். வாளித் தண்ணீரில் மண் கலங்கியிருந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.