கல்லின் மேல் போட்ட பழி

என் மனைவி காவேரி லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு நகைக்கடைப் பெண்ணை மிரட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வைதான். தி.நகரில் அந்தக் கடையின் மூன்றாவது மாடியில் ஏசி பல்லைக் கிட்டவைத்தது; அவளுக்கு மட்டும் நெற்றியில் வியர்வை.

மகள் முத்துமாரி கிண்டியில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒற்றைக்கல் வைர மூக்குத்தி என்று அவளாகவே முடிவு செய்து, ஒரு மாதம் போனிலேயே படித்துவிட்டு வந்திருந்தாள். எடை, நிறம், சுத்தம், பட்டை தீட்டிய நேர்த்தி, நாலையும் பார்க்கவேண்டும், சர்டிபிகேட் இல்லாமல் கல்லைத் தொடவே கூடாது என்று வரும் வழியெல்லாம் எனக்குப் பாடம்.

கடைப் பெண் ரூபீனா கறுப்பு வெல்வெட்டில் இரண்டு மூக்குத்திகளை வைத்தாள். இரண்டும் ஒரே விலை. ஒன்றின் கல் படு சுத்தம், ஆனால் கடுகை விடச் சிறியது. மற்றது பாதி மிளகளவு இருந்தது. லென்ஸில் பார்த்தால் மட்டும் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி.

"மண்ணுக்குள்ள இருந்து வர்ற கல்லும்மா, ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும். இது வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது."

"கண்ணுக்குத் தெரிலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் காவேரி. "புள்ளி கீற கல்லு வேணாம்மா. ஒருவாட்டி பட்டதே போதும்."

சொன்னாளே தவிர, விரல் திரும்பத் திரும்ப அந்தப் பெரிய கல்லிடம்தான் போனது. அந்த ‘ஒருவாட்டி’ எதுவென்று எனக்குத் தெரியும்.

முத்துமாரி இடுப்பில் இருந்த காலம் அது. இறால் கொட்டிய வருஷம். இதே தெருவில் அய்யாதுரை அண்ணாச்சி கடை வைத்திருந்தார். அப்போது சர்டிபிகேட்டாவது ஒன்றாவது. "கொண்டு போங்க தம்பி, எட்டு நாள் வீட்டுல வச்சுப் பாருங்க. ஒத்துக்கிடலைன்னா திருப்பிக் கொண்டாங்க" என்று மூக்குத்தியை ரோஸ் தாளில் மடித்துக் கொடுப்பார். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, புள்ளி இருந்தால் குடியைக் கெடுக்கும் என்பது ஊர்ப்பேச்சு. அப்படி நான் கொண்டுவந்த ஒன்றைக் காவேரி போட்டுக்கொண்டாள். அம்மாடி, என்ன அழகு! மீன் அறுக்கக் குனிந்தாலும் மின்னியது, என்னைத் திட்டினாலும் மின்னியது. முதல் இரண்டு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கரையிலிருந்து வீட்டுக்கு ஓடி ஓடி வந்தேன்.

மூன்றாம் நாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் காலை போட்டைக் கரையேற்றியபோது, பிள்ளையோடு மணலிலேயே கிடந்தவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். குப்பமே பார்த்தது. "மிஷின் நின்னு போச்சு" என்றேன். கூட வந்த ஜான்சன் தலையைக் குனிந்துகொண்டான். காவேரி அண்ணாச்சி கடைக்கே போய் லென்ஸ் வாங்கிப் பார்த்தபோது சின்னதாக ஒரு புள்ளி இருந்ததாம். அன்று மதியமே கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு அவள் மூக்கில் வெறும் தங்கப் பொட்டுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். ஜான்சன் சாகும்வரை வாய் திறக்கவில்லை.

"சின்னதையே போட்ரும்மா" என்று ரூபீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் காவேரி.

"காவேரி, அந்தக் கல்லு மேல தப்பில்ல."

"இன்னாயா சொல்ற?"

"மிஷின் நிக்கல. காசிமேட்ல இறால வித்துட்டு, நானும் ஜான்சனும் குடிச்சிட்டு போட்லயே தூங்கிட்டோம்."

"நைனா!" என்றாள் முத்துமாரி. ரூபீனா, பாவம், சுத்தமாக இருந்த கண்ணாடி மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

காவேரி லென்ஸைக் கீழே வைத்தாள். "முப்பத்திநாலு வருஷமா ஏன்யா சொல்லல?"

"அன்னிக்கே சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கட்டிக்கினு அழுத. எனக்காக ஒருத்தரு அப்டி அழுது நான் பாத்ததே இல்ல. வாய் வர்ல."

காவேரி சின்ன மூக்குத்தியை ஒரு விரலால் தள்ளிவிட்டு, பெரியதை ரூபீனாவின் கையில் வைத்தாள்.

"அம்மா, புள்ளி இருக்குன்னு சர்டிபிகேட்லயே போட்டிருக்கும்..."

"எல்லாம் தெரிஞ்சிதாம்மா வாங்கறேன். மாட்டி வுடு."

முத்துமாரி வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்தோம். எப்போதும் என் இடப்பக்கம் உட்காருகிறவள் இன்று வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மூக்குத்தி வலது மூக்கில். எனக்கு அவள் காதும் கன்னமும்தான் தெரிந்தன. "காவேரி" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை.

லஸ் முனை சிக்னலில் வெயில் உள்ளே விழுந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் சட்டென்று ஒரு வெள்ளை மின்னல். நிமிர்ந்து பார்த்தேன். அவளும் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லைப் பார்த்தாளா, என்னைப் பார்த்தாளா, தெரியவில்லை. சிக்னல் விழுந்தது. வண்டி குலுங்கிக் கிளம்பியதும் கண்ணாடியில் அந்த வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்தது.