நாற்பத்தொன்றாம் மரத்தின் பால்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் அட்டவணையின் காலிக் கட்டத்தில் பிறந்தது. தொராஜா மலைக்காட்டில் ஆல், அத்தி, பலா இனத்து மரங்களைக் கணக்கெடுத்த தாளை மக்காலே ஊர் வனத்துறை அலுவலகத்தில் நான்தான் தட்டச்சு செய்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று மரங்கள். 'பால்' என்ற பத்தியில் அறுபத்திரண்டு முறை 'உண்டு'. 41-க்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. ஒரு கட்டம் விட்டுப்போனாலும் தாள் திரும்பி வந்துவிடும். கணக்கெடுத்த சம்பேயைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கதை போய்விடும்.

2.

மூடுபனி விலகாத அந்தக் காலையில், மலையின்—

வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

சம்பே அளப்பான், ரெருங் கத்தியால் பட்டையைக் கீறுவார். (ரெருங் என் கற்பனை. வயது ஐம்பத்தைந்து வைத்திருக்கிறேன்.) பால் கசிந்ததும் எண் தகட்டை அடித்துவிட்டு அடுத்த மரம். நாற்பது மரங்கள் அப்படித்தான் போயின. நாற்பத்தொன்றாவது ஒரு டர்ரா, பலாவுக்குப் பங்காளி. அடிமரத்தில், பட்டை முக்கால்வாசி விழுங்கிவிட்ட கறுப்புப் பனைநார்த் திட்டு. ரெருங் கத்தியை இறக்கிவிட்டார்.

[அடிக்குறிப்பு: பல் முளைக்காமல் இறந்த குழந்தையை இங்கே முன்பு டர்ராவைக் குடைந்து உள்ளே வைப்பார்கள், பொந்தின் வாயைப் பனைநாரால் மூடுவார்கள். மரப்பால்தான் இனி அதற்குத் தாய்ப்பால். பெற்றவள் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஆகவே முதல் வரைவில் அழுதுகொண்டு ஓடிவந்த தாயைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.]

3.

"என்னண்ணே, கை வலிக்குதா?"

"உள்ள என் தம்பி இருக்கான், ஆபீசர்."

சம்பே அளவுநாடாவைச் சுருட்டினான். அவனும் இந்த மலைக்காரன்தான்.

"அப்ப விட்டுடலாம்ணே. பாவம் நமக்கெதுக்கு? மழை வந்துடுச்சுன்னு எழுதிக்கிறேன்."

"பாவமா? அட போய்யா! வெட்டவா பயப்படுறேன்?"

"பின்ன என்னதான்?"

ரெருங் கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தார். "அவன் அம்பது வருஷமா பால் குடிக்கிறான்ங்கிற தைரியத்துலதான் எங்கம்மாவுக்குச் சோறு இறங்குது. தினம் சாயங்காலம் கேக்குறா, இன்னைக்கு எல்லா மரமும் பால் குடுத்துச்சாடான்னு. மேல பாரு, பாதிக் கிளை மொட்டை. கீறிப் பார்த்து வரலைன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

4.

முடிவுகள்:

அ) கீறினார். வெள்ளையாய் வழிந்தது. (எழுதும்போதே எனக்கு இனித்தது, அதனாலேயே நம்பவில்லை. பால் வந்திருந்தால் சம்பே ஏன் கட்டத்தை விட்டான்?)

ஆ) கீறினார். உலர்ந்த தூள்—

மன்னியுங்கள், இதை என்னால் முடிக்க முடியவில்லை.

இ) கீறவில்லை. இருவரும் சிகரெட் தீரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். (அப்படியானால் அம்மாவுக்கு என்ன பதில்?)

சம்பே பக்கத்து அறையில்தான் காப்பி குடிக்கிறான். நான் எழுந்து போகப்போவதில்லை. தாள் இன்னும் இயந்திரத்தில்தான் இருக்கிறது, 41-ஆம் வரியில். கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இன்று சாயங்காலமும் அவள் கேட்பாள்.