பிடித்த கை

தன் கையைத் தவிர வேறு எவர் கையையும் மகன் தொடமாட்டான் என்பதில் அந்தத் தையற்காரிக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை இருந்தது. இரண்டரை வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் தாகமெடுத்தால் அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப்போய்க் குழாயின்மேல் வைப்பான்; பிஸ்கட் வேண்டுமென்றால் டப்பாவின்மேல். பாதித் தையலில் மிஷினை நிறுத்திவிட்டு அவளும் போவாள். பெரிய மனுஷன் எனக்கு மட்டும் பிடியே கொடுக்கமாட்டேன் என்கிறான் என்று கணவன் கேலி செய்யும்போது உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

ஆகவே, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவானா என்று குழந்தை மருத்துவர் கேட்டபோது, ஓ, காட்டுவானே என்றாள். எப்படிக் காட்டுவான் என்று மருத்துவர் விடாமல் கேட்டார். அவள் சற்றே நாணத்துடன் விவரித்தாள். மருத்துவரின் பேனா நின்றது.

அதற்கு முன்பே அவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்திருந்தார்; சுவரிலிருந்த யானைப் படத்தைச் சுட்டியும் பார்த்திருந்தார். அவனோ பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டு அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தான். காதில் குறையில்லை என்று சோதனை ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆட்டிசமாக இருக்கலாம், முழுப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், அதுவரை கைகட்டி உட்கார்ந்திராமல் பயிற்சியை இன்றே தொடங்குங்கள் என்றார் மருத்துவர். அந்தச் சொல்லுக்கு அவள் ஓரளவு தயாராகவே வந்திருந்தாள். நின்றுபோன பேனாதான் அவளை உறுத்தியது.

"அப்போ அவன் என் கைய பிடிக்கிறது பாசத்துல இல்லையா டாக்டர்?"

"பாசம் இல்லன்னு நான் சொல்லலம்மா. அத அளக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கும்போது உங்க முகத்த பாக்கறதில்ல, கைய மட்டும் பாக்கறான். இனிமே கைய வெச்சதும் தெறந்து விடாதீங்க. கொஞ்சம் பொறுங்க. ஒரு பார்வை பாத்தா போதும், உடனே குடுத்துடுங்க."

வராந்தாவில் குடிநீர்க் குழாயைக் கண்டதும் அவன் அவள் மணிக்கட்டைப் பற்றினான். கை குழாயின்மேல் போய் அமர்ந்தது. அவள் குனிந்து, அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள். பார்டா, ஒரே ஒரு தடவை பார்டா என்று மனம் கெஞ்சியது. அவன் அவள் விரல்களை அழுத்தினான், மறுபடியும் அழுத்தினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கையை விட்டுவிட்டான். அழவில்லை. பெஞ்சில் பேத்தியுடன் காத்திருந்த ஒரு பெரியவரிடம் நேரே போய், அவர் மணிக்கட்டைப் பற்றி இழுத்துவந்து, குழாயின்மேல் வைத்தான்.

முன்பின் தெரியாத அந்த மனிதர் உருகிப்போனார்.

"பாசக்கார புள்ளம்மா. எப்படி ஒட்டிக்கிட்டான் பாருங்க," என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டார்.

"ஆமாங்க," என்றாள் அவள்.