ஊர்ப் பெயருக்கு முன் வரும் சொல்

ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு முன்னால் நின்று, இடத்தையும் திசையையும் காட்டுகிற சிறு சொல்லை முன்னிடைச்சொல் என்பர். தமிழில் இவ்வேலையின் பெரும்பகுதியைப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘இல்’ ஒன்றே செய்து முடித்துவிடுகிறது. ஊரில், பேருந்தில், வாசலில் என்று நாம் கவலையின்றிப் பேசுகிறோம். ஆங்கிலமோ ஊருக்கு ‘இன்’ கேட்கும். பேருந்துக்கு ‘ஆன்’ கேட்கும். வாசலுக்கு ‘அட்’ கேட்கும். மாற்றிப் போட்டாலும் கேட்பவர் பொருளைப் புரிந்துகொள்வார். ஆனால் அதே மூச்சில் நம்மை எடையும் போட்டுவிடுவார்.

ஆனந்தவள்ளி ஆகிய நான் இவ்வேறுபாட்டை ஐம்பது வயதுக்குமேல் கற்றுக்கொண்டேன். தில்லைநகரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் மாலை வகுப்பு நடந்தது. என்னைத் தவிர அங்கு அனைவரும் கல்லூரி முடித்த பிள்ளைகள். முன்னிடைச்சொல் தேர்வில் முதல் மதிப்பெண் என்னுடையது. இதனைப் பெருமைக்காகவே குறிப்பிடுகிறேன்; அப்பெருமைக்கு எனக்கு உரிமை உண்டு.

அம்மா மண்டபம் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் நான் பல ஆண்டுகளாகப் படுக்கை விரிப்பு மாற்றி வந்தேன். அங்கேயே வரவேற்பு மேசை காலியானபோது அவ்வேலையைக் கேட்டேன். மேசையில் அமர்பவர் வெளிமாநிலத்தாருக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் வழி சொல்ல வேண்டும். மேலாளர் லூர்து ஒரு பயணியைப் போல் நடித்து என்னைச் சோதித்தார்.

“மேடம், வேர் இஸ் தி லாட்ஜ்?” என்றார், வெறுங்கையைத் தொலைபேசியாகக் காதில் வைத்துக்கொண்டு.

“தி லாட்ஜ் இஸ் இன்...” என்று தொடங்கி, நின்றுவிட்டேன்.

“இன்...?”

“இன் தி டெம்பிள் டவுன்.”

“எந்த டெம்பிள்? திருவானைக்காவா, சமயபுரமா? ஆந்திராக்காரருக்கு எப்படிங்க தெரியும்? ‘இன்’னா, ‘அட்’டான்னு டவுட் வந்துருச்சா, அதான் முழிக்கிறீங்களா?”

எனக்கு எது மிக நன்றாகத் தெரியுமோ, அதுவே தெரியாதென்று அவர் எண்ணிவிட்டார். என் முகம் எரிந்தது.

நான் பாதியில் நின்றதற்குக் காரணம் இதுவாகும். என் கணவரின் பெயர் ரெங்கசாமி. எழுதுவதற்குத் தடை இல்லை, ஆகையால் எழுதுகிறேன். முசிறிப் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில், மனைவி கணவரின் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது நம்பிக்கை. அப்பெயர் கலந்திருக்கும் பிற சொற்களுக்கும் இவ்விலக்கு உண்டு. நான் வாழ்க்கைப்பட்ட ஊரோ ஸ்ரீரங்கம்; லாட்ஜ் இருப்பதும் அங்கேதான். பேருந்தில் “கோயிலுக்கு ஒரு டிக்கெட்” என்பேன். நடத்துநர் புரிந்துகொண்டு கொடுத்துவிடுவார். வகுப்பிலும் எழுத்துத் தேர்வே நடந்தமையால் இச்சிக்கல் அங்கு எழவில்லை. இவற்றையெல்லாம் லூர்துவிடம் விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்ப்போங்க. அப்பவும் திணறினா ஓனர் அந்த பி.காம். பொண்ணை எடுத்துருவார்,” என்றார் அவர்.

என் கணவர் எங்கள் ஊரிலேயே ஒரு வாழைக்காய் மண்டியில் பணிபுரிகிறார். இரவு அவருக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன்.

“ஏங்க, அந்த மேசை வேலை கிடைக்காது போலங்க.”

“ஏன், இங்கிலீசு வரலையா?”

“இங்கிலீசு வருது. நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க.”

விவரத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பில் புரையேறியது. “அடிப்பாவி! சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டருங்க காலையிலேர்ந்து தொண்டை கிழிய அந்தப் பேரைத்தான் கத்துறாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“கண்டக்டருங்களா உங்க பொண்டாட்டி?”

அவர் சோற்றைப் பிசைந்தார். என் கண் கலங்கியிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“சரி, ஒண்ணு பண்ணு. காலையில நான் ஆத்துக்கு அந்தாண்ட போயிடறேன். நான் போய்ச் சேர்ந்ததும் நீ சொல்லிடு. தண்ணியத் தாண்டி ஒண்ணும் வராது.”

தண்ணீரைப் பற்றிய இவ்விதியை அவர் அந்நொடியில்தான் இயற்றினார் என்பதை நான் அறிவேன். இருப்பினும் அது எனக்கு ஏற்புடையதாகவே தோன்றியது.

மறுநாள் காலை நான் வரவேற்பு மேசையின் முன் நின்றபோது என் கைபேசி ஒலித்தது. “சிந்தாமணிக்கு வந்துட்டேன். பாலம் தாண்டியாச்சு. தைரியமா சொல்லு,” என்றார் என் கணவர்.

லூர்து கையைக் காதுக்குக் கொண்டுபோகும் முன்பே மேசைத் தொலைபேசி உண்மையாகவே அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார். விஜயவாடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், குழந்தைகளோடு ரயில் ஜங்ஷனில் வழி தெரியாமல் நின்றது. “நிஜ ஆளே வந்துட்டார். பேசுங்க,” என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“தி லாட்ஜ் இஸ் இன்...” கண்ணை மூடிக்கொண்டேன். “ஸ்ரீரங்கம்.”

“வாட்? நாட் கிளியர், மேடம்!”

உரக்கச் சொன்னேன். ஜங்ஷன் இரைச்சலில் அவருக்கு அதுவும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, லாட்ஜ் முழுவதும் கேட்கும்படி சொன்னேன். மீதி தானாகவே வந்தது. “கெட் ஆன் பஸ் நம்பர் ஒன். கெட் ஆஃப் அட் அம்மா மண்டபம். வி ஆர் ஆன் தி மெயின் ரோட், நெக்ஸ்ட் டு தி பேங்க்.”

“இதேதாங்க! நேத்து எங்க போச்சு இது?” என்றார் லூர்து.

“நேத்து அவர் ஊர்ல இருந்தாருங்க.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் திங்கட்கிழமை முதல் மேசைக்கு வரச் சொன்னார்.

வாசலுக்கு வந்து என் கணவரை அழைத்தேன். மணி நெடுநேரம் அடித்தது. பிறகுதான் எடுத்தார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேங்க. அவங்களுக்குக் கேக்கல. திரும்பத் திரும்பச் சொல்லும்படி ஆயிருச்சு.”

மறுமுனையில் அவர் இருமினார்.

“என்னங்க? உடம்பு எப்படி இருக்கு?”

“பசிக்குது,” என்றார். “நான் பாலத்தைத் தாண்டி வரலாமா, இல்ல இன்னும் யாராவது போன் பண்ணுவாங்களா?”

“வாங்க,” என்றேன். “இனிமே தினமும் போன் வரும். நீங்க எத்தனை நாளைக்குத்தான் சிந்தாமணியிலயே நிப்பீங்க?”